ஐம்பத்தொரு வயதில் முதல் பேய்ப்படம்

1

நவம்பர் முதல் ஞாயிறு. பிற்பகல் இரண்டு பத்துக்குப் படத்தைப் போட்டோம், மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. நடுவில் பதினெட்டு நிமிடம் நிறுத்தி வைத்திருந்தோம். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முழுதாக உட்கார்ந்து பார்த்த முதல் பேய்ப்படம் அது. சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். மரக்காணத்தில் எங்கள் வீட்டில் டிவியில் பேய்ப்படம் வந்தால் அப்பா எழுந்து அணைத்துவிடுவார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். பாரிஸுக்கு வடக்கே இந்த நான்காம் மாடி வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இங்கேயும் என் வீட்டுக்காரரும் மகளும் அந்த மாதிரிப் படம் போட்டால் நான் பக்கத்து அறையில் இஸ்திரி போடப் போய்விடுவேன். பழக்கம்.

இப்போது ஏன் உட்கார்ந்தேன்? மகள் கேட்டாள், அதனால். நிவேதாவுக்கு இருபத்து மூன்று வயது. லியோனில் படிக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை நான்கு நிமிடம் பேசுவாள். வீட்டுக்கு வந்தால் அழுக்குத் துணியோடு வருவாள், மடித்த துணியோடு போவாள். இந்த முறை துணிப்பை இல்லை. இறந்தவர்களை நினைக்கும் விடுமுறை வாரம் என்பதால் வந்தேன் என்றாள். இந்த வாரத்தில் இங்கே எல்லாரும் கல்லறைக்குச் சாமந்திப் பூத்தொட்டி எடுத்துப் போவார்கள். வந்த புதிதில் அது தெரியாமல், ஆஸ்பத்திரியில் என்னுடன் வேலை செய்தவளின் பிறந்தநாளுக்கு மஞ்சள் சாமந்தி கொண்டுபோய்க் கொடுத்து அவள் முகம் வெளிறியதைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து இந்த ஊரில் எதையும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டுத்தான் செய்கிறேன்.

கல்லறைக்குப் போக எங்களுக்கு இங்கே யாரும் கிடையாது. பிறகு இவள் எதற்கு வந்தாள்?

2

இதையும் சொல்லிவிட வேண்டும். மரக்காணத்தில் என் அக்கா கஸ்தூரி இருக்கிறாள். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள். அண்ணனுடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவள்தான். ஆகஸ்டில் போன் பேசும்போது, "அந்தப் பக்கம் ஒரு தடவ வந்து பாக்கணும்டி விஜி" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்பதற்கு முன்பே புதுச்சேரிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் வர வேண்டுமென்றால் நான் இங்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். வீட்டு ஒப்பந்தம், மின்சாரக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வருகிறவர் எந்த அறையில் படுப்பார் என்கிற விவரம். எல்லாம் தயாராக, நீலக் கோப்பில், வரிசைப்படி இருந்தது. நேரம் பதிவு செய்துதான் போக முடியும். இங்கே அதற்கு ரான்தேவு என்று பெயர். செப்டம்பரில் ஒன்று வாங்கி நானே ரத்து செய்தேன். அக்காவிடம், "ஆபீசுல ஆள் லீவு" என்றேன். அக்டோபரில் இன்னொன்று. அதையும் ரத்து செய்தேன். "கம்ப்யூட்டர் ரிப்பேராம்" என்றேன். மூன்றாவது வரும் செவ்வாய், காலை பத்து நாற்பது. முந்தின நாள் மாலை வரை ரத்து செய்யலாம் என்று பதிவு செய்யும் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

அண்ணன் போன் செய்து, "ஏம்மா, அவளக் கூட்டிக்கினு போயி அங்க எதனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது? இங்கயே அமாவாசைக்கு ஒரு மாதிரி இருக்கா" என்றான். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் வீட்டில் அக்கா ஒரு ராத்திரி படுத்திருப்பதை நினைத்து எனக்குப் பயம்.

3

எனக்குப் பதினோரு வயது, அக்காவுக்குப் பதினேழு. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அவருக்குக் கீழே இருபது பேர்.

பாத்தியில் உப்பு விளைந்து வெள்ளையாக இறுகி நிற்கும்போது அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அடிமண் கலந்து உப்பு கறுத்துவிடும். நடப்பதெல்லாம் வரப்பின் மேல்தான். அப்படி நின்ற ஒரு பாத்தியில், மறுநாள் வாரப் போகிறோம் என்கிற நிலையில், ஒரு காலையில் தடம் கிடந்தது. வெறுங்கால் தடம். வரப்பிலிருந்து இறங்கி நேராக நடுப்பாத்தி வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி வந்த தடம் இல்லை. அந்தப் பக்கம் ஏறிய தடமும் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். கூட்டம் கூடிவிட்டது.

அதற்கு முந்தின வாரம்தான் அக்கா அதே பாத்திக்குப் பக்கத்தில் வெயிலில் மயங்கி விழுந்திருந்தாள். இரண்டையும் யாரோ சேர்த்துவைத்துப் பேசினார்கள். பகல் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது. நடந்தது பேய், அது பிடித்திருப்பது கஸ்தூரியை.

அப்பா மட்டும் யாரிடமும் பேசாமல் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். யாரும் கிட்டே வரப் பயந்த இடத்தை அவர் ஒருவரே தடத்தோடு சேர்த்து வாரி வரப்பில் குவித்தார். அதை அவருடைய தைரியம் என்று நான் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிவேதாவுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

கிளியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாளில் நிச்சயத்துக்கு வருவதாக இருந்தது. சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வரவில்லை. பிறகு பதினோரு வெள்ளிக்கிழமை அம்மா அக்காவை ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனாள். ஈரப் புடவையோடு உட்காரவைத்து வேப்பிலையால் அடிப்பார்கள். நான் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டாவது வெள்ளி அப்பா, "போதும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவுக்கு மாப்பிள்ளை என்று ஒருவரும் வரவில்லை. டிவியில் பேய்ப்படமும் ஓடவில்லை.

4

படத்துக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளை. நிவேதாவின் கணக்கில் எழுபது வருடத்துக்கு முந்தையது. "ரத்தம்கூட கிடையாதும்மா. எங்க காலேஜ்ல எல்லாரும் தலைல வச்சுக் கொண்டாடற படம்" என்றாள்.

மலைமேல் ஒரு விடுதி, பனிக்காலம். விடுதிக்காரனின் முதல் மனைவி இறந்துபோனவள். இரண்டாவது மனைவி தினமும் காலையில் சன்னலைத் திறந்தால் முற்றத்துப் பனியில் வெறுங்கால் தடம். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் வீட்டுக்குக் கிட்டே வருகிறது. அவள் புருசனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் பனி பெய்து மூடிவிடுகிறது. கதவு தானாகத் திறக்கிறது, மெழுகுவர்த்தி அணைகிறது. எனக்கு முதலில் அந்தப் புருசன்மேல்தான் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு முறையும் ஏன் இவன் இரண்டு நிமிடம் தாமதமாக வருகிறான்? அடுத்தது சமையல்காரி. அடுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் பனி பெய்யாத ஒரு காலை வருகிறது. தடம் அழியாமல் இருக்கிறது. நடு முற்றம் வரை போய் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வெறும் வெள்ளை. இசையும் நின்றுவிட்டது. நிவேதா குஷனை இறுக்கிக்கொண்டு, "பயமா இருக்காம்மா?" என்றாள்.

"இல்ல. இவ திரும்பி வந்திருக்கா."

"யாரு?"

"நடந்தவ. போன தடத்துலயே கால வச்சுப் பின்பக்கமாவே நடந்து வந்திருக்கா. விரல் பக்கம் பாரு, ரெண்டு விளிம்பு தெரியுது. படம் எடுத்தவங்க வேற எப்படி எடுக்க முடியும்? ஒருத்திய நடக்கவிட்டுப் பின்னாலயே வரச் சொல்லியிருப்பாங்க."

அவள் படத்தை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இது தெரியாதா? பாத்தியில துண்டு பறந்து விழுந்துட்டா நாங்க அப்படித்தான் போய் எடுப்போம். உள்ள திரும்பினா பாதம் அரைச்சு உப்பு கெட்டுடும். அதனால திரும்பாம, வச்ச தடத்துலயே வச்சு வெளிய வரணும். அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்துடுவாங்க."

சொல்லி முடித்துவிட்டு டீ போட எழுந்தேன். நிவேதா சமையலறை வாசல்வரை பின்னால் வந்தாள்.

"அப்போ பெரியம்மா பாத்தியில?"

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வித்தையும் எனக்குத் தெரியும், அந்தத் தடமும் எனக்குத் தெரியும். நாற்பது வருடமாக இரண்டும் ஒரே தலைக்குள் இருந்திருக்கின்றன. ஒரு நாளும் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. எனக்கு மட்டுமா? அன்றைக்கு வரப்பில் நின்ற இருபது பேருக்கும் அந்த நடை தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எதையாவது எடுக்கத்தான் எங்கள் ஆட்கள் பாத்திக்குள் அப்படிப் போவார்கள். அந்தப் பாத்தியில் எடுக்க ஒன்றும் கிடக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு உப்பளத்துக்காரர் யாரும் இறங்கமாட்டார். ஆகவே நடந்தது மனிதர் இல்லை.

மகளிடம்தான் என் கோபம் திரும்பியது. "இதுக்குத்தான் வந்தியா?"

"அப்பா போன் பண்ணாரு. ரெண்டு ரான்தேவு கேன்சல் பண்ணிட்டியாமே."

"அதுக்கு இந்தப் படத்தத் தேடி எடுத்தாந்தியா?"

"ஆமா. இதுலயும் காலடி வருது. ஒரு தடவ பாத்துட்டா உன் பயம் போயிடும்னு நினைச்சேன். மத்தபடி இந்தப் பின்னால நடக்கறதெல்லாம் சத்தியமா எனக்குத் தெரியாது." இரண்டு கப்பை எடுத்து வைத்தாள். "பெரியம்மா வந்தா என் ரூம்ல படுக்கட்டும்மா. நான் வந்து கூட இருக்கறேன்."

துணிப்பை இல்லாமல் வந்ததன் காரணம் அது. மீதிப் படத்தையும் பார்த்தோம். கடைசியில் பேய் நிஜமாகவே பேய்தான் என்று முடிகிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

5

படம் முடிந்ததும் நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். நடந்தது யார்? முதல் பெயர் அண்ணன். அவனுக்கு அப்போது இருபது வயது. அக்கா வீட்டோடு இருந்ததில் லாபம் அவனுக்குத்தான். இப்போது அவளை அனுப்பவேண்டாம் என்பதும் அவன்தான். இரண்டாவது, அக்காவோடு சண்டையிட்டிருந்த ஒரு கூலியாள். மூன்றாவதாகத் தோன்றியது தடத்தை வாரிய அப்பா; அந்தப் பெயரை எழுதவில்லை.

நான்கு ஐந்துக்குப் போன் செய்தேன். அங்கே இரவு எட்டு முப்பத்தைந்து. பின்னால் சீரியல் சத்தம்.

"இன்னாடி, நேத்துதான பேசுன?"

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாத்தியில நடந்தது அண்ணனா?"

சீரியல் சத்தம் குறைந்துகொண்டே போய் மழைச் சத்தம் கேட்டது. வெளியே வந்துவிட்டாள்.

"அவனா? அவன் வரப்புல நேரா நடந்தாலே ரெண்டு வாட்டி உழுவான். பின்னால வேற நடந்துட்டாலும்..." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான்தான்டி."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தினி அடி?" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பதினாலு. நீ இன்னைக்கிக் கணக்கு கேப்பேன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே எழுதி வச்சிருப்பேன்."

"ஏன்க்கா?"

"கிளியனூரு ஆளு. மொதப் பொண்டாட்டி அவன்கிட்ட அடி வாங்கியே செத்தான்னு அந்த ஊரு பொம்பள ஒருத்தி என்னாண்ட சொன்னா. வேணாம்னு அம்மாகிட்ட மூணு வாட்டி சொன்னேன். அண்ணன்கிட்ட சொன்னேன். பொண்ணு சொல்றத யாரு கேட்டா? பேய் சொன்னாத்தான் கேட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் என் காலப் பாத்தாரு. உப்பு கிழிச்சுக் குதிகால்ல ரத்தம். ஒண்ணும் சொல்லல. வேற எவனாவது குனிஞ்சு பாக்கறதுக்கு முன்னாடி பலகய எடுத்துக்கினு எறங்கிட்டாரு."

"அந்த வெள்ளிக்கிழமையெல்லாம்..."

"அடிச்சாங்க. பதினோரு வாரம். அந்த ஆளு வீட்டுக்குப் போயிருந்தா ஆயுசுக்கும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உனக்கு அப்ப பதினோரு வயசு, ஊரெல்லாம் சொல்லிடுவ. அப்புறம் கட்டிக்கினு போயிட்ட. பேய் போயிடுச்சுன்னு தெரிஞ்சா அண்ணன் எவனயாவது இட்டாந்து நிறுத்துவான். எதுக்கு வம்பு? அமாவாசைக்கு ரெண்டு நாளு முறைச்சுப் பாத்தா போதும், வீட்ல ஒருத்தரும் என்ன ஒரு வேல ஏவமாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, வாய் திறந்து சிரிக்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாக நான் இவளிடம் ஒரு நோயாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசியிருக்கிறேன். தூக்கம் வருதா, கனவு வருதா, கோயிலுக்குப் போனியா. அவளும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, ஆபீசுல கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகல."

"தெரியும்."

"எப்படி?"

"அங்கல்லாம் ஆஸ்பத்திரியில படுக்க விரிப்பக்கூட மிசின்ல எண்ணுவாங்கன்னு பெரும பேசறவ நீ. ஆபீசு கம்ப்யூட்டரு மட்டும் மாசக்கணக்குல ரிப்பேரா? நீ பயந்துக்கினு இருக்கற. அதான் திருப்பிக் கேக்கல." மழை பலமானது. "இப்பவும் சொல்றேன், பயந்துக்கினு கூப்புடாத. எனக்கு வரணும். ஆனா நீ ராத்திரில கதவச் சாத்திக்கினு படுக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

பேய்ப் பயம் அந்த நிமிடமே போய்விட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அன்றிரவு படுக்கையில் வேறு ஒன்று உறுத்தியது. நாற்பது வருடம் ஒரு விசயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருக்கத் தெரிந்த ஒருத்தியை நான் அறியவே இல்லை. அவளுக்கு என்ன பிடிக்கும்? காபியில் சர்க்கரை எவ்வளவு? ஒன்றும் தெரியாது. திங்கள் மாலை ரத்து செய்யும் நேரம் ஆறு மணிவரை இருந்தது. ஆறு ஒன்றுக்குத்தான் கணினியை மூடினேன். எதையும் அழுத்தவில்லை.

6

செவ்வாய், பத்து நாற்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதுள்ள ஒரு பெண். நீலக் கோப்பை அவள் புரட்டிய விதம் எனக்குப் பழக்கம். அதில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடுகிற விரல்கள். குறை சொல்லமாட்டேன், நானும் அப்படித்தான் எதையும் புரட்டுவேன்.

"வருபவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அக்கா."

"திருமணமானவரா?"

"இல்லை."

"பிள்ளைகள்?"

"இல்லை."

"சொந்த வீடு?"

"இல்லை."

பேனாவைக் கீழே வைத்தாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, வீடு இல்லை. இப்படிப்பட்டவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில் வினைச்சொல்லெல்லாம் தலைகீழாகிவிடும். அதனால் மெதுவாக, பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அவள் உப்பளத்தில் வேலை செய்கிறாள். மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கும். நாற்பது வருடமாக ஒரு பருவத்தையும் அவள் தவறவிட்டதில்லை.

"உப்பா?" என்று கேட்டுவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினாள். "தங்கும் நாட்கள் என்ற இடத்தைப் பேனாவால் எழுதித் தாருங்கள். அதிகபட்சம் தொண்ணூறு."

அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் பென்சிலால் பதினைந்து என்று இருந்தது. ஆகஸ்டில் எழுதியது. வீட்டுக்காரரும் நானும் சாப்பாட்டு மேசையில் பேசி முடிவு செய்தது. அவளுக்கு அதற்குமேல் குளிர் தாங்காது, எங்களுக்கும் சிரமம் என்று நாங்களாகவே போட்டது.

"ஒரு நிமிடம்" என்றேன். கவுண்டரில் போன் பேசக் கூடாது என்று தகடு மாட்டியிருந்தது. தெரிந்தேதான் எடுத்தேன். மூன்றாவது மணியில் அக்கா எடுத்தாள்.

"ஆபீசுல நிக்கறேன். எத்தினி நாளு வர்ற?"

"நீ எத்தினி போட்டிருக்க?"

"அத விடு. நீ சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனா மேசையைத் தட்டத் தொடங்கியிருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார்.

"என்னையா கேக்கற?" என்றாள் அக்கா.

"உன்னதான் கேக்கறேன்."

"இரு, இரு. வச்சிடாத." விரல் விட்டு எண்ணுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. மாதப் பெயர்களை முணுமுணுத்தாள். "தை பாதியில பாத்தி கட்ட எறங்கணும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வந்துடணும். அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்." மறுபடியும் எண்ணினாள். "அம்பது போடு."

பென்சில் எழுத்தை அழித்தேன். அம்பது என்று எழுதி, இலக்கத்திலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

"உறுதியாகத்தானே?" என்றாள் அந்தப் பெண்.

"அவள் சொன்னது" என்றேன்.